கழுவிய பஞ்சு

காலையில் எழுந்தபோது தலையணை உறை அவளுடைய இடது காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தாள். உறையில் மஞ்சளாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் லேசான பச்சை. மோந்து பார்க்க வேண்டியதில்லை. நாற்றம் தானாகவே மூக்கைத் தேடி வந்தது.

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் ஆறு வருஷமாக மூன்றாம் பிரஸ் அவளுடையது. அன்றைக்கு வருஷாந்தரக் காது பரிசோதனை. தேறாதவர்களை மெஷினிலிருந்து இறக்கி டப்பா அடுக்கும் கொட்டகைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை. அவளுக்கு மெஷின் வேண்டும். உருப்படியாக அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

முற்றத்தில் நின்ற பரிசோதனை வண்டிக்குள் நர்ஸ் டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார். எடுத்த ஹெட்போனைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவைத்தார்.

"எத்தனை நாளா ஒழுகுது?"

"பத்து நாள் இருக்கும்."

"ஒழுகுற காதுக்குள்ள எதையும் திணிக்கக் கூடாதும்மா. வெளியில மூடுற கப்புதான் போடணும். இப்ப என்ன போடுறீங்க?"

மெஷின் சத்தத்துக்குக் காதில் அடைக்கும் நுரைப் பஞ்சை அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் அதை இடுக்கியில் வாங்கி நசுக்கினார். நசுங்கியது நசுங்கியபடியே கிடந்தது.

"இது உப்பவே மாட்டேங்குதே. உப்பி அடைச்சாத்தானே சத்தம் நிக்கும்? இதைக் காதுல வச்சாலும் ஒண்ணுதான், குப்பையில போட்டாலும் ஒண்ணுதான். எப்ப எடுத்தது?"

"காலையில. ஸ்டோர்ல குடுத்த புதுக் கவர்லேர்ந்து."

"அப்ப இந்த முடி யாரோடது?"

பஞ்சின் துளையில் ஒரு சிறு நரைமுடி. அவளுக்குத் தலையில் ஒரு வெள்ளை முடிகூடக் கிடையாது.

"டெஸ்ட்டைத் தள்ளி வைக்கிறேன்," என்றார் நர்ஸ். "ஆனா காரணம் எழுதணும். காரணம் இல்லேன்னா உங்க காதே பழுதுன்னுதான் ரிப்போர்ட் போகும். விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்க."

ஸ்டோர்கீப்பர் அவளுடைய கொழுந்தன். ஸ்டோருக்குப் பின்னால் குழாயடியில் குந்தியிருந்தான். முன்னால் ஒரு வாளி. சோப்புத் தண்ணீர் பழுப்பேறி, மேலே எண்ணெய் மினுக்கோடு நின்றது. அதற்குள் நூற்றுக்கணக்கில் பஞ்சுகள், ஊறிய பற்களைப்போல மிதந்தன. முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். கலக்கக் கலக்க அழுக்குத் திரள் திரளாக மேலே வந்தது. ஐம்பது பேருடைய காது அதற்குள் கரைந்துகொண்டிருந்தது.

"வாங்க அண்ணி. டெஸ்ட் முடிஞ்சுதா?"

"இது என்ன தம்பி?"

"பஞ்சுதான். ஷிஃப்ட் முடிஞ்சதும் வீசிட்டுப் போயிடறாங்க. பொறுக்கிட்டு வந்து அலசி, காய வச்சு, கவர்ல போட்டு ஒட்டிடுவேன். வருஷம் ஒண்ணாச்சு, ஒரு பெட்டி புதுசா வாங்கல. மேனேஜர் மீட்டிங்ல எல்லாரையும் எனக்குக் கைதட்டச் சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவளும் தட்டினாள்.

"கழுவலாம்னு யார் சொன்னா?"

"போட்டிருக்கே," என்று உள்ளே சுவரைக் காட்டினான்.

சுவரில் காது அடைப்பான்களுக்கான விளக்க அட்டை. முதல் படத்தில் மூன்றடுக்கு ரப்பர் அடைப்பான், அடியில் 'சோப்பு நீரில் கழுவவும்'. அடுத்தது பஞ்சு: உருட்டு, காதை மேலே இழு, செருகு, உப்பும்வரை பிடி. அதன் அடியில் ஆணியடித்துச் சாவிக்கொத்தை மாட்டியிருந்தான். அப்புறம் கப்பு: காதில் புண் உள்ளவர்களுக்கும், அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்களுக்கும். கடைசியில், பெரிய பிரஸ்ஸுக்கு அடைப்பானும் கப்பும் சேர்த்து.

அவள் உள்ளே போய்ச் சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்தாள். "படி."

'ஒரு ஷிஃப்டுக்கு மட்டும். கழுவக் கூடாது.'

படித்தான். உதடு மட்டும் அசைந்தது.

"அது விக்கிறவன் போடுறது அண்ணி. நான் மூணு தண்ணி விட்டு அலசுறேன்."

அவள் வெளியே வந்து வாளியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிழிந்து நீட்டினாள். "அப்ப இதை உன் காதுல வை."

சிரித்தான். அவள் கையை இறக்கவில்லை. வாங்கி உருட்டினான். காதருகே கொண்டுபோனதும் மூக்கு சுருங்கியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஸ்டோர்ல ஏது சத்தம்? எனக்கு எதுக்கு இது?"

அவள் குனிந்து வாளியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"அண்ணி, வீட்டு ஆளையே எழுதிக் குடுத்துடாதீங்க. அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? உங்களுக்கு இந்த வேலையே நான் வாங்கிக் குடுத்ததுதானே?"

"வேலையும் நீ குடுத்ததுதான். சீழும் நீ குடுத்ததுதான்."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தண்ணீர் தளும்பிக் காலில் பட்டது.

வண்டி வாசலில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டி வாளியை நர்ஸின் காலடியில் வைத்தாள்.

"இதுதான் காரணம். ஸ்டோர்ல கழுவித் திரும்பக் குடுத்திருக்காங்க. எழுதுங்க. குடுத்தவன் என் கொழுந்தன், அதையும் எழுதுங்க. எனக்குக் கப்பு வேணும்னும் எழுதுங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்தார். புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

வரிசையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். பட்டறைக்குள் பெரிய பிரஸ் இடிக்கத் தொடங்கியது. வரிசையின் கடைசியில் நின்ற மெஷினுக்குக் கிரீஸ் போடும் நரைத்த தலைக்காரர், இரண்டு இடிகளுக்கு நடுவில் தன் பஞ்சைச் சட்டையில் துடைத்து மறுபடி செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தன் முறைக்காக வண்டி வாசலைப் பார்த்தார்.