ஒவ்வோர் எட்டாவது வீடும்

1

இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து பிறந்தது. அந்தப் பூஜ்யத்தைப் போட்டவன் நான். போட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் மறைத்துவைத்ததாக நினைப்பீர்கள்.

நான் கதை எழுதுகிறவன் இல்லை. தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் புள்ளியியல் அலுவலர். ஓர் ஊரை முழுக்க எண்ணாமலேயே அந்த ஊரில் எது எவ்வளவு என்று சொல்வது என் வேலை. எல்லா வீட்டையும் ஏறி இறங்க ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. அதனால் வீடுகளை வரிசையாக எழுதிக்கொள்வோம். முதல் எட்டு எண்களுக்குள் ஒன்றைக் குலுக்கலில் எடுப்போம். அதிலிருந்து ஒவ்வோர் எட்டாவது வீடாகப் போய்க் கேட்போம். வந்த விடையை எட்டால் பெருக்கினால் ஊர்க்கணக்கு. பாடப்புத்தகத்தில் இதற்கு முறைசார்ந்த கூறெடுப்பு என்று பெயர். மலிவு, சுருக்கம், நேர்த்தி. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்து சோறு தின்கிறேன்.

2

தொடக்கம் பிடிபடவில்லை. எழுதி விட்டவை கீழே கிடக்கின்றன.

(அ) புயல் அடித்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பில்—

(வேண்டாம். புயலில் தொடங்கினால் நைசாகப் பழியைப் புயலின் தலையில் கட்டிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.)

(ஆ) செல்லத்துரைக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல நீச்சல்காரர். கடலைக் கண்டு அவர் ஒருநாளும்—

(எனக்கு அவரைத் தெரியாது. பார்த்ததே இல்லை. நீச்சல் தெரியுமா என்பதுகூடத் தெரியாது. தெரியாத மனிதரைப் பற்றிக் கூசாமல் எழுதுகிற பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.)

(இ) போன வருஷம் மாசி மாதம் ஒரு மத்தியானம், கள ஆய்வாளர் சான்ட்ரா எனக்குப் போன் செய்தார்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடலோரக் குடியிருப்புகளில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கைப்படி ஆளுக்கொரு கருவி கொடுப்பதாகத் திட்டம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், படகு இருக்குமிடம் கரைக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குடியிருப்பில் நூற்று எழுபத்தாறு வீடுகள். இருபத்திரண்டு வீட்டில் கேட்டால் போதும். கணினி குலுக்கிப் போட்ட தொடக்க எண் எட்டு. எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று பட்டியல் போட்டு சான்ட்ராவிடம் கொடுத்தேன். பட்டுக்கோட்டைக்காரர், பத்து வருஷ அனுபவம், ஒரு வீட்டைக்கூட விடமாட்டார்.

"சார், போன வீட்டுலல்லாம் பொம்பளைங்க மட்டும்தான் சார் இருக்காங்க" என்றார் போனில். "கடலுக்குப் போறவங்க ஒருத்தர்கூட இல்ல."

"வெளிநாடு போயிருப்பாங்க."

"இல்ல சார். வீட்டுக்காரரு செத்துட்டாருங்கிறாங்க."

"எல்லா வீட்டுலயுமா?"

"பத்தொம்பது வீடு முடிச்சிட்டேன் சார். பத்தொம்பதுலயும் அதான்."

"புயல்ல போயிருக்கும். பாவம்."

"ஆனா கரையில படகு நிறைய நிக்குது சார்."

"படகுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப விடுங்க."

விடுங்க என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எடுக்கவில்லை.

இருபத்திரண்டு வீட்டிலும் பூஜ்யம் வந்தது. எட்டால் பெருக்கினாலும் பூஜ்யம். மாதிரிகளுக்குள் வேறுபாடே இல்லாததால் கணக்கின் பிழையும் பூஜ்யம் என்று திரையில் வந்தது. என் தொழிலில் பிழை பூஜ்யம் என்று வந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து மேசை பரணிதரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடேங்கப்பா, சுத்தமா வந்திருக்கே!" என்றார். ஒரு ஊரில் ஆண்பிள்ளையே இல்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்து மெச்சிக்கொண்டு நின்றோம்.

சுற்றுவட்டத்தில் எல்லாக் குடியிருப்புக்கும் கருவி போயிற்று, அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை. அங்கிருந்து ஒரு மனு வந்தது. 'ஆய்வின்படி தங்கள் குடியிருப்பில் கடலுக்குச் செல்வோர் எவருமிலர்' என்று பதில் போனது. கீழே இருந்தது என் கையெழுத்து.

4

(கதைக்கு நடுவே ஒரு குறிப்பு. அவசரமுள்ளவர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

என் அப்பா பூதலூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கும் சாக்குகளில் பத்துக்கு ஒன்றைக் குத்தூசியால் குத்தி, உருவி வரும் நெல்லைக் கையில் கொட்டி ஈரம் பார்ப்பார். இரண்டே வாரத்தில் ஊரே தெரிந்துகொண்டது. பத்தாவது சாக்கில் மட்டும் நன்றாகக் காய்ந்த நெல்லைப் போட்டு அடுக்க ஆரம்பித்தார்கள். அப்பா பதிவேட்டில் அந்த வருஷம் ஈர நெல்லே கிடையாது. கிடங்கில் பாதி முளைத்துவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் வகுப்பெடுக்கும்போது இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன். வரிசைக்குள் ஏதாவது ஒரு ஒழுங்கு திரும்பத் திரும்ப வந்தால் இந்த முறை காலை வாரிவிடும், ஜாக்கிரதை என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சொல்லத் தெரிந்தவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை, பாருங்கள்.

5

இந்த ஆவணியில் செல்லத்துரை தனியாக ஃபைபர் படகில் போனார். போனவர் திரும்பவில்லை. இன்ஜின் நின்றுவிட்டதாகச் செல்போனில் ஒருமுறை சொல்லியிருக்கிறார், அப்புறம் சிக்னல் இல்லை. எங்கே என்று தெரியாமல் முப்பது படகுகள் ஐந்து நாள் தேடின. செய்தி தினசரியில் நாலு வரி வந்தது. ஊர்ப் பெயரைப் படித்ததும் டீ டம்ளரை வைத்துவிட்டேன். ஆண்களே இல்லாத ஊரில் எப்படி ஒரு ஆண் காணாமல் போனார்?

சான்ட்ராவை அழைத்துக்கொண்டு அன்றைக்கே போனேன். பஸ் நின்ற இடத்திலேயே ஆண்கள். டீக்கடையில் ஆண்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டு ஐம்பது அறுபது ஆண்கள். கடவுளே, இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள்?

ஊர்த் தலைவர் பகலவன் எங்களைக் குடியிருப்புக்குள் கூட்டிப்போனார். வரிசைக்கு எட்டு வீடு, மொத்தம் இருபத்திரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி வீட்டு வாசலில் நேரே ஒரு சந்து வந்து முட்டியது.

"தெருக்குத்து சார்" என்றார் பகலவன். "தெரு வந்து குத்துற வீட்டுல ஆம்பளை தங்கமாட்டான்னு சொல்லுவாங்க. கடலுக்குப் போறவன் வீடு, யாரு சார் துணிஞ்சு குடிபோவா? சாவியக் குடுத்தா திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"பஞ்சாயத்துல உக்காந்து பேசினோம். வீட்டுக்காரன் போயிட்ட பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டோம். அவங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுத்தோம் என்று நிஜமாகவே நம்பிச் சொன்னார். சான்ட்ரா பக்கத்தில் விரல் விட்டு எண்ணினார். எட்டு, பதினாறு, இருபத்து நான்கு. எண்ணிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

6

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. கணினி குலுக்கிப் போட்ட எண் எட்டு என்று எழுதியிருக்கிறேன். அது இல்லை. கணினி போட்டது மூன்று.

மூன்று, பதினொன்று, பத்தொன்பது என்று பட்டியல் எழுதிக்கொண்டே போனால் எங்காவது கை தவறும். எட்டு என்றால் வாய்ப்பாடு, தூக்கத்தில்கூட எழுதலாம். அதனால் மாற்றினேன். முழுதாக இரண்டு நிமிஷம் மிச்சமாகியிருக்கும். குடியிருப்பின் வரைபடம் அதே கோப்பில் மடித்து வைத்திருந்தது. பிரிக்கவில்லை.

மூன்றாகவே விட்டிருந்தாலும் கணக்குச் சரியாக வந்திருக்காது. வீட்டுக்கு வீடு கடலோடிகளாக வந்து எண்ணிக்கை கூடிப்போயிருக்கும். அதுவும் தப்புத்தான். ஆனால் கருவி இருபது கூடுதலாகப் போனால் யாரும் கடலோடு போகமாட்டார்கள்.

இன்னொன்று. மூன்று, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்தைந்து, நாற்பத்து மூன்று. செல்லத்துரையின் வீட்டு எண் நாற்பத்து மூன்று. இதைக் கற்பனை என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். கதவில் நீலச் சாயத்தில் எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மனைவி எல்லையம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். யாரென்று தெரியாமலேயே கொடுத்தார். யாரென்று சொன்னேன். எண்ணை மாற்றியதையும் சொன்னேன். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

— பதினான்காம் நாள், தூரத்து ஊர்ப் படகொன்று அவரை உயிரோடு கண்டு— (இதை எழுதும்போது என் கை எவ்வளவு வேகமாக ஓடியது தெரியுமா? எனக்கு இது வேண்டும். அதனாலேயே நம்பவில்லை.)

— கோடியக்கரைப் பக்கம் ஒரு படகின் பலகை ஒதுங்கியது. அதில்— (முடியவில்லை. மன்னியுங்கள்.)

— புள்ளியியல் அலுவலர் வேலையை விட்டு— (செல்லத்துரைக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?)

8

நிறுவனத்தில் உண்மையைச் சொன்னேன். மறு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை குலுக்கல் கிடையாது, நூற்று எழுபத்தாறு வீடும் ஏறி இறங்குவது. நானும் சான்ட்ராவோடு போகிறேன். செல்லத்துரை போய் இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள்.

நாற்பத்து மூன்றாம் வீட்டுக்கு முன்னால் பகலவன் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"எண்பத்தெட்டாம் நம்பர் காலியா கெடக்கு சார். அங்க இருந்த அம்மா போன மாசம் தவறிட்டாங்க. இந்த வீட்டக் கேட்டு, புதுசா கல்யாணம் கட்டினவங்க நிக்கிறாங்க. எல்லையம்மாவ அங்க போகச் சொல்லணும்."

"அது தெருக்குத்து வீடு."

"ஆமா சார்." தரையைப் பார்த்தார். "அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எங்க யாருக்கும் தெம்பில்ல. நீங்க இன்னைக்கு என்ன எழுதுறீங்களோ, அதவச்சு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஊருக்கே பயம், அதனால் என் படிவத்தைச் சொல்ல வைக்கிறார்கள். இதைச் செய்ய உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, என்னையா?

எல்லையம்மாள் வாசலில் வந்து நின்றார். தாலி கழுத்தில் இருந்தது. சான்ட்ரா ஏழாம் கேள்வியைப் படித்தார். "இந்த வீட்டுல கடலுக்குப் போறவங்க எத்தன பேரு அக்கா?"

ஒன்று என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுவார் என்று நினைத்திருந்தேன். கெஞ்சினால் எழுதிவிடலாம் என்றும் நினைத்திருந்தேன்.

"அவரு இருக்காருன்னு நான் சொல்றேன்" என்றார் எல்லையம்மாள். "அது என் சொல்லு. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க சார். போன தடவ தெரியாமத்தானே எழுதினீங்க. இந்தத் தடவையும் அப்படி எழுதாதீங்க."

படிவத்தில் 'தெரியாது' என்று ஒரு கட்டம் கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். கட்டத்தைக் காலியாக விட்டால் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று விதி எழுதியவனும் நான். இரக்கப்பட்டு ஒன்று என்று எழுதினால், நான் மாற்றுகிற இரண்டாவது எண் அது. இல்லை என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் அவர் பாத்திரம் பண்டங்களை எண்பத்தெட்டாம் வீட்டுக்குத் தூக்குவார்கள்.

"சார்?" என்கிறார் சான்ட்ரா.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. கதையை எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்துவேன் என்று நம்பி இதுவரை வந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரு மனிதரைப் பார்க்காமலேயே இல்லை என்று எழுதிய கை இது. இன்னொரு தடவை இதனிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது.

7. இவ்வீட்டில் கடலுக்குச் செல்வோர்: [        ]

நீங்கள் எழுதுங்கள். பகலவன் சந்து முனையில் காத்திருக்கிறார். எல்லையம்மாள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.