தாய் பெயர் அம்சா

பவானிக்கு லீவு பத்து நாள். அதில் ஆறு நாள் ஓடிவிட்டது. கோவளத்து மீன் கடையில் அண்ணி அம்சா சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே வந்து நின்ற நாத்தனாரைத் தலை தூக்கிப் பார்க்கவில்லை. பவானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கைநாட்டு அண்ணி. வச்சா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"எம் பொண்ண எம் பொண்ணு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அத்தான?"

கவியா பவானி பெற்ற பிள்ளை. முதல் இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாவது தங்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னபடி அதை விற்றார்கள். பிள்ளை இல்லாத அம்சா ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். எமனை ஏய்க்க ஊரில் ஆடுகிற ஆட்டம்தான். மறுநாளே பிள்ளை பெற்றவள் மடிக்கு வந்துவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். புருஷன் செத்ததும் பவானி கனடாவுக்கு, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். மூன்று வயதுக் கவியாவை அம்சாவிடம் விட்டாள். ஸ்கூலில் சேர்க்கும்போது தாய் பெயர் என்று கேட்டார்கள். அம்சா கூசாமல் தன் பெயரைச் சொன்னாள். ஆதாரிலும் அதுவே ஏறியது. பிறப்புச் சான்றிதழில் மட்டும் பவானி.

ஆறு வருஷம் கழித்து, மகளை அங்கே பள்ளியில் சேர்க்க விசா கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. பொத்தேரியில் விசா ஆபீஸ் வைத்திருக்கும் கிருபாகரன் கையை விரித்தான்.

"ஒரு கொழந்தைக்கு ரெண்டு அம்மா கீறாங்க. ஃபைல திருப்பிடுவாங்க. உங்க அண்ணி நோட்டரிகிட்ட எழுதிக் குடுக்கட்டும்."

அம்சாவோ மசிவதாக இல்லை.

"தவுடு குடுத்து வாங்குனவ நானு," என்றாள் அம்சா.

"அது வெளாட்டுன்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியும். டெங்கு வந்து ஒம்போது நாளு ஆஸ்பத்திரில மடியில வச்சிகினு இருந்தேன் பாரு, அது வெளாட்டு இல்ல."

"திருட்டுத்தனமா பேர ஏத்திட்டு நாயம் பேசுறியா? போலீசுக்குப் போறேன் இரு."

பவானி சொன்னால் செய்கிறவள். மறுநாளே மனு கொடுத்தாள், கூடப்பிறந்த அண்ணன் என்றும் பார்க்காமல் எல்லப்பன் பெயரையும் சேர்த்து. அவனை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அதன் பிறகு அம்சா கைநாட்டு வைக்க ஒத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டில் நோட்டரி வக்கீல் பத்திரத்தைப் படிக்கத் தொடங்கினார். அம்சா கை காட்டி நிறுத்தி, கூட வந்திருந்த கவியாவை முன்னே இழுத்தாள்.

"நீ இரு சார். எனுக்குப் படிக்கத் தெரியாது, எம் பொண்ணு நாலாவது படிக்குது. அது படிக்கட்டும்."

பவானி தடுத்திருக்கலாம். நன்றாகக் கேட்கட்டும் என்ற வீம்பில் நின்றாள்.

கவியா எழுத்துக் கூட்டாமல் படித்தாள். "கவியா என் மகள் அல்ல. அவளுடைய தாய் என்று நான் பொய்யாகப் பதிவு செய்தேன். அவள்மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை."

அம்சா பெருவிரலை அழுத்தி வைத்தாள். மையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ஒருவழியாக ஜெயித்தாயிற்று. பவானி பத்திரத்தைப் பையில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்தாள்.

"இனிமே நாந்தான் உனுக்கு அம்மா. யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்லணும்."

கவியா கையை உருவிக்கொண்டாள்.

"அங்க ஸ்கூல்ல கேட்டா சொல்றேன் அத்த."