தமிழினிக்குப் பொருத்தமான புத்தகம்

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தமிழினி, பையை மூலையில் போட்டுவிட்டு, "மா, நாளைக்கு ஒத்திகைக்குத் தொடப்பம் எடுத்தாரச் சொன்னாங்க மிஸ்" என்றாள்.

வகுப்பைப் பெருக்கவா என்று கேட்டாள் மணிமொழி. இல்லையாம், வாசிப்பு விழாவுக்காம். நாலாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் வருகிற ஆளைப்போல வேஷம் போட்டுக்கொண்டு மேடையேறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வெற்றிவேலுக்கு ராஜா கதை. செஞ்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ராஜா வேஷம் இல்லாமல் விழா ஏது? நிலா என்கிற பிள்ளைக்கு, ராக்கெட்டில் போகிற பெண். தமிழினிக்கு, தெருக்கூட்டும் அம்மாவோடு விடியற்காலையில் கிளம்பிப் போய், கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொள்ளும் சிறுமி.

மணிமொழிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? இந்த வீட்டில் யார் தெருக்கூட்டினார்கள்? அவளுடைய நைனா ராஜாராம் முப்பத்திநாலு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். வீட்டுக்காரன் சேரன் திண்டிவனத்தில் லேப் டெக்னீஷியன். அவள் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு, வேலைக்குக் காத்திருந்து சலித்து, செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, பட்டா மாற்ற வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறாள். சரி, கூட்டினால்தான் என்ன, கேவலமா? அந்த வேலையில் ஒரு கேவலமும் இல்லை. காலனிப் பிள்ளை என்றதும் யோசிக்காமலேயே அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த கை இருக்கிறதே, கேவலம் அங்கேதான் இருந்தது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். அவள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. வகுப்பு நூலகத்துக்கு வந்த புத்தகக் கட்டிலிருந்து எதையெதை எடுப்பது என்று பார்க்கச் சொன்னபோது, மற்றவர்களைப்போலக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாமல், கடையில் உட்கார்ந்து அறுபதையும் படித்து முப்பதைப் பொறுக்கினாள். தள்ளினதில் பதினெட்டு, நீதி சொல்லியே கழுத்தறுக்கிறவை. அந்தச் சிறுமி கதையைப் படித்துவிட்டு, கடைக்கு வந்தவர் எத்தனை காப்பி என்று இரண்டு தடவை கேட்டும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல புத்தகம். ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றுதான் டிக் போட்டாள். தன் மகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து மேடையேற்றுவார்கள் என்று கனவா கண்டாள்?

மறுநாள் ஒன்பது மணிக்கே பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள். கவிதா டீச்சர் அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள்மேல் கையோங்க மாட்டார், லீவு போட மாட்டார், சொந்தக் காசில் சார்ட் வாங்கி ஒட்டுவார். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும், அப்போதுதான் வாசிப்பு ஒட்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களாம். அதற்காகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் யோசித்து யோசித்துக் கொடுத்தாராம்.

"தமிழினி நல்லா படிக்கிற பொண்ணு. அவ வாழ்க்கையே அந்தக் கதைல இருக்கு. மேடைல அவ வாசிச்சா எல்லார் கண்ணுலயும் தண்ணி வந்துடும், பாருங்களேன்" என்றார்.

"எந்த வாழ்க்க டீச்சர்? அவ அப்பா இன்னா வேல செய்றாரு, சொல்லுங்க பாக்கலாம்."

டீச்சருக்குத் தெரியவில்லை. முனிசிபாலிட்டியா என்று கேட்டார். இரண்டு வருஷமாக மகளுக்குப் பாடம் நடத்துகிறவர்! மணிமொழி நேராகத் தலைமையாசிரியர் பாண்டுரங்கன் அறைக்குப் போனாள். பாண்டுரங்கனுக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது. அதுவரைக்கும் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. யாருக்கு எந்தப் புத்தகம் என்பதை டீச்சர் முடிவு செய்யக்கூடாது, பிள்ளைகள் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கட்டும் என்றாள் மணிமொழி. இவ்வளவுதானா என்று அவருக்கு மூச்சு வந்தது. கவிதா டீச்சரும், தன்னுடைய நல்ல மனசை இந்தப் பொம்பளை புரிந்துகொள்ளவில்லையே என்கிற முகத்தோடு, சரி என்று தலையாட்டினார்.

அன்று மத்தியானமே குலுக்கினார்கள். தமிழினிக்கு எட்டுக்கால் கணவாய் என்கிற கடல் பிராணியின் கதை வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பழைய துணியில் எட்டுக் கால் தைத்துத் தரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான், அந்தத் தெருக்கூட்டுகிற பெண் கதை வெற்றிவேலுக்குப் போயிருக்கிறது என்று சொன்னாள். சேரன் சோற்றுக் கையோடு மனைவியைப் பார்த்தான். "போச்சு. மில்லுக்காரரு சும்மா வுடுவாரா?" என்றான்.

விடவில்லை. வெற்றிவேலின் அப்பா கோதண்டராமன் ரைஸ் மில் முதலாளி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குடிக்கிற சுத்தத் தண்ணீர் மெஷின் அவர் கொடுத்தது. மெஷினைவிடப் பெரிதாக அதன்மேல் அவர் பெயர் இருக்கும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாண்டுரங்கன் கடைக்குப் போன் செய்து, கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று குழைந்தார். நின்றவர்களை மத்தியானம் வரச் சொல்லி, ஷட்டரை இறக்கிவிட்டு, பஸ் பிடித்துப் போனாள் மணிமொழி.

அறையில் கோதண்டராமன் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மணிமொழி, யாரும் சொல்வதற்குமுன் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதைக் கோதண்டராமன் பார்த்தார்.

"இன்னாம்மா, உங்கூட்டுப் பஞ்சாயத்துக்கு எம்புள்ளதான் கெடச்சானா?" என்று ஆரம்பித்தார். நாலு பேர் பார்க்க மேடையில் தன் மகன் துடைப்பத்தோடு நிற்பதா, சொந்தக்காரன் எல்லாம் வீடியோ எடுத்துச் சிரிக்க மாட்டானா, நாளைக்கு எந்த முகத்தோடு மில்லில் உட்காருவது என்று அடுக்கிக்கொண்டே போனார். பாண்டுரங்கன் மின்விசிறியை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தார்.

கவிதா டீச்சர்தான் வழி சொன்னார். சொல்லும்போது குரலில் வெண்ணெய் வழிந்தது.

"அந்தப் புத்தகம் வெற்றிவேலுக்குப் பொருந்தாதுங்க. அவனுக்கு ஒண்ணுமே புரியாது. தமிழினிக்குன்னா பொருந்தும். பேசாம ரெண்டு பேரும் மாத்திக்கட்டும். சின்ன விஷயம்தான் மணிமொழி, பெருசு பண்ணாதீங்க."

அடடா, எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார்! செவ்வாய்க்கிழமை குலுக்கலுக்குத் தலையாட்டியவர் வியாழக்கிழமை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். துடைப்பம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் தமிழினி கையில் வந்து நிற்கிறது. கோதண்டராமன் மீசையைத் தடவிக்கொண்டார். மணிமொழிக்கு அந்த மேஜையில் இருந்த அத்தனையையும் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. கத்தலாம். கத்தினால், காலனிக்காரி வந்து ரகளை பண்ணினாள் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். அவள் கத்தவில்லை.

"சரிங்க சார். குலுக்கல் முடிவ மாத்தறோம் இல்ல, தீர்மானமா எழுதிடலாம். நோட்டக் குடுங்க" என்றாள்.

பாண்டுரங்கன் தீர்மான நோட்டை நீட்டினார். மனு எழுதிப் பழகிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் மணிமணியாக எழுதினாள். எழுதி முடித்ததும் டீச்சர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'தெருக்கூட்டும் தாயின் மகள் கதை மாணவன் வெற்றிவேலுக்குப் பொருந்தாது என்றும், அதே வகுப்பு மாணவி தமிழினிக்குப் பொருந்தும் என்றும் வகுப்பாசிரியை தெரிவித்தார். ஆகவே குலுக்கலை ரத்து செய்து இருவரின் புத்தகங்களையும் மாற்றிக் கொடுக்கத் தீர்மானிக்கப்படுகிறது.'

பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தார். வேறு மாதிரி எழுதலாமே என்று முனகினார். டீச்சர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் சொல்லட்டும், அடித்துவிடுகிறேன் என்றாள் மணிமொழி.

கவிதா டீச்சர் இரண்டு தடவை படித்தார். இப்போது முகம் சுருங்கும், பேனா தயங்கும் என்று மணிமொழி எதிர்பார்த்தாள். ஒன்றும் இல்லை. டீச்சர் பெயரெழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். அந்த நாலு வரியில் ஒரு தப்பும் அவர் கண்ணில் படவில்லை. "இதுக்கா இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்தார்.

மணிமொழிக்கு அந்தச் சிரிப்பு, கோதண்டராமன் பேசின அத்தனையையும்விட அதிகமாக வலித்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சாயங்காலம் தமிழினி கேட்டபோது, இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும் சொன்னாள். எட்டுக் காலில் ஆறு தைத்து முடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். புதிய தீர்மானத்தைச் சபையில் வாசித்து, சம்மதம் என்றால் கை தூக்கச் சொல்வது வழக்கம். சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் ஐம்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் வேப்பமர நிழலில், காலனிக்காரர்கள் சுவர் ஓரமாக. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. கோதண்டராமன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பாண்டுரங்கன் தொண்டை சரியில்லை என்று நோட்டைக் கவிதா டீச்சரிடம் தள்ளிவிட்டார். டீச்சர் கணீரென்று ஆரம்பித்தார். 'பொருந்தாது என்றும்' வரைக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வரி வரும்போது சுவர் ஓரம் இருந்த பேச்சு நின்றது. அதற்கப்புறம் டீச்சர் மெதுவாக வாசித்தார். கடைசி வரி சரியாகக் கேட்கக்கூட இல்லை.

"கை தூக்குங்க" என்றார் பாண்டுரங்கன்.

வேப்பமரத்தடியிலிருந்து விருத்தாம்பாள் எழுந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, ஊர்க்காரி. நூறு நாள் வேலையிலிருந்து அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்தவள், தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று அந்த ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

"ஏன் டீச்சர், ஒரே கிளாசுதான? அந்தப் பொண்ணுக்குப் பொருந்துற பொஸ்தகம் இந்தப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் பொருந்தாது?"

டீச்சர் வாயைத் திறந்தார். இரண்டு வருஷப் பயிற்சியிலும் இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. நோட்டைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, இதுவரை ஒருநாளும் பார்க்காத மாதிரி மணிமொழியைப் பார்த்தார், நீயாவது ஏதாவது சொல்லேன் என்பதுபோல.

"அவுங்க கேக்கறாங்க இல்ல, சொல்லுங்க டீச்சர்" என்றாள் மணிமொழி.

பாண்டுரங்கன் இன்னொரு தடவை கை தூக்கச் சொன்னார். இப்போது தூக்குகிற கை, விருத்தாம்பாள் கேட்டதற்குப் பதில் சொல்கிற கை ஆகிவிடும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கோதண்டராமன் தலையைத் திருப்பி, தன்னிடம் கடன் வாங்கினவன், தன் மில்லில் மூட்டை தூக்குகிறவன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் ஒருவருடைய கை மட்டும் மேலே போனது, பாதியில் நின்றது, கீழே இறங்கியது.