எட்டாவது ஃபாரம்

பிள்ளை பெறும் வயதில் நூறு பெண்களுக்கு மேல் குடியிருக்கிற ஊரில், மூன்று வருஷத்தில் இரண்டே இரண்டு குழந்தைதான் பிறந்தது என்றால் யாராவது நம்புவார்களா? கிராம நிர்வாக அலுவலகத்துப் பதிவேடு அப்படித்தான் சொன்னது. இறந்த குழந்தைகள் என்ற பக்கம் அதைவிட மோசம், சுத்தமாக வெள்ளைத்தாள். அந்த விவரத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விஜயராணி வெயிலில் நின்றாள்.

ஊரின் பெயர் காட்டுப்பாளையம். பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே. கிணறு வற்றிப்போன தோட்டத்தில் சென்னியப்பன் என்பவர் அறுபது அறை லைன் வீடு கட்டிவிட்டார். உசிலம்பட்டி, பேரையூர், கமுதி என்று தெற்கேயிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த சனம் அதில் அடைந்து கிடந்தது. காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து கொட்டும். உடம்புக்கு முடியாவிட்டால் இரண்டு பஸ் மாறித்தான் பெரியாஸ்பத்திரி. அந்த இரண்டு பஸ்ஸில் ஒன்று வரும், ஒன்று வராது.

விஜயராணியும் அப்படி வந்தவள்தான். புருஷன் ராமருக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை. இவள் ஆறு வருஷம் கம்பெனியில் செக்கிங் பார்த்துவிட்டு, போன வருஷம்தான் பல்லடத்து டிரஸ்ட் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். அந்த டிரஸ்ட் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் விண்ணப்பம் போட்டிருந்தது: லைன் வீட்டுப் பக்கம் மாசமான பெண்களைப் பார்க்க ஓர் அறை, வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸ், அவசரத்துக்கு ஒரு வண்டி. விண்ணப்பம் எழுதுகிற பொறுப்பு மைதிலிக்கு. பல்லடத்துப் பெண், இருபத்தாறு வயது. அதட்டிப் பேசத் தெரியாது, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள்.

"ரெண்டு குழந்தைக்கு ஒரு நர்சு, ஒரு வண்டின்னு கேட்டா சிரிப்பாங்கக்கா" என்றாள் சீட்டைப் பார்த்துவிட்டு. "மூணு வருசத்துல எத்தனை பொறந்துச்சு, ஒரு வயசுக்குள்ள எத்தனை போச்சுன்னு எழுத்துல வேணுங்க. வர்ற இருவதாந்தேதி கடைசிங்க."

கணக்கு ஏன் வரவில்லை என்று விஜயராணிக்குத் தெரியாதா என்ன? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இந்த லைன் வீட்டில் பிழைப்புக்கு அலைகிற சனத்துக்கு இரண்டாவதும் தாய்வீட்டில்தான், ஆக்கிப்போட வேறு யார் இருக்கிறார்கள்? ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ இங்கே வளைகாப்பு, மறுநாள் தெற்கே பஸ். பிறந்தால் அங்கே பதிவு. செத்தால் எங்கேயும் இல்லை. வயிற்றில் சுமந்ததும் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்ததும் எந்த ஏட்டிலும் ஏறாது.

அந்த அறையும் அந்த வண்டியும் வந்தே ஆகவேண்டும் என்று அவளைப்போல ஏங்கியவர் அந்த டிரஸ்ட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் அவளுக்கும் வளைகாப்பு நடந்தது. அழைத்துப்போக அவளுடைய ஆத்தா ஒச்சம்மாள் வந்தாள். எட்டாம் மாசம். பஸ்ஸிலேயே வலி கண்டு, பஸ்ஸிலேயே பிறந்து, செம்பட்டியில் இறங்கி ஒரு டாக்டரிடம் காட்டும்போது மூச்சில்லை. பெண் குழந்தை. செத்தே பிறந்தது என்று ஊருக்கும் ராமருக்கும் சொல்லி முடித்தார்கள். அடுத்த மாசம் அவள் செக்கிங் மேசையில் நின்றாள். பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையோ அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். பனியனை அள்ளி மாரோடு அணைத்துக்கொண்டு ஓட்டை பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வாள்.

பத்து நாள் அலைந்தாள். ரேஷன் கார்டைக் கேட்டால் எல்லாருடையதும் தெற்கே இருந்தது. கம்பெனியில் கேட்டால், "மாசமானா வேலைய விட்டு நின்னுக்குவாங்க, நாங்க என்னத்தக் குறிச்சு வைக்கறது?" என்றார்கள். அங்கன்வாடி நோட்டில் உயிரோடு இருக்கிற பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வெண்ணெய் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் வாசலுக்கே வந்துகொண்டிருந்தது.

ராக்கையா வளையல்காரர். சாத்தூர்ப் பக்கம். லைன் வீட்டு வளைகாப்பு எல்லாவற்றுக்கும் அவர் கை வளையல்தான். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பி வருகிறவளின் வாசலில் சைக்கிளை நிறுத்தி, குழந்தைக்கு ஒரு ஜோடி கருவளையல் சும்மா போட்டுவிட்டுப் போவார். அந்த ஞாயிறு அவர் மணியடித்துக்கொண்டு வருவதை விஜயராணி பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்வீட்டிலிருந்து பிள்ளையில்லாமல் திரும்பியிருந்த அனுசுயா வீட்டுக்கு முன்னால் மணிச்சத்தம் நின்றது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் கடந்து, இரண்டு வாசல் தள்ளி மறுபடி அடித்தார். தன் வாசலுக்கு முன்னால் இரண்டு வருஷமாக அந்த மணி அடித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அட, இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியுமே!

ஓடிப்போய் வழி மறித்தாள். "அண்ணே, மூணு வருசத்துல எத்தன பேருக்கு வளைகாப்பு வளையல் போட்டீக? எத்தன புள்ளைக்குக் கருவளையல் போட்டீக?"

"எண்ணச் சொல்லாத தாயி" என்றார் ராக்கையா. "புள்ளைகள எண்ணப்படாது, ஆகாது. நான் பேரச் சொல்லுதேன். எண்ணுறதும் எண்ணாததும் உன் பாடு."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். கதவு வாரியாக, மாசம் வாரியாக, எந்த நிற வளையல் என்பது வரைக்கும் சொன்னார். மனுஷனுக்கு ஞாபகமா அது! வளைகாப்பு நாற்பத்து மூன்று. கருவளையல் முப்பத்தைந்து. மீதி எட்டு. அந்த எட்டில் ஏழு பேரைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

"எட்டாவது?"

"அது உனக்கே தெரியுமே தாயி" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மைதிலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் வெறும் பேர்ப்பட்டியல் போதாதாம். எட்டு வீட்டிலும் ஆளுக்கொரு ஃபாரம் நிரப்ப வேண்டும். தாயிடம் கேட்க வேண்டும், கூட இருக்கிற வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு கேள்வி: பிறந்ததும் குழந்தை அழுததா? "அழுகலீன்னா அது செத்துப் பொறந்ததுங்க்கா. இந்தக் கட்டத்துல சேராது. அழுதிருந்தாத்தான் பொறந்து செத்ததுன்னு கணக்கு" என்றாள். என்ன நியாயமோ! ஆனால் சட்டம் அப்படி.

விஜயராணி ஐந்து கதவைத் தட்டினாள். ஊருக்குப் போய்விட்ட மற்ற இரண்டு பேரிடம் போனில் பேசினாள். ஏழு பேரும் ஒரே பதில்: "செத்துத்தேன்க்கா பொறந்துச்சு." ஏழும் பூஜ்யம். கிணறு வெட்டப் போய்க் கிணறுமில்லை, பூதமுமில்லை.

அவளுக்குத் தெரியும் அது என்ன பதில் என்று. செத்துப் பிறந்தது என்றால் கேள்வி அதோடு நின்றுபோகும். யார் கவனிக்கவில்லை, பால் கொடுத்தாயா, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, எவள் கண் பட்டது என்று மாமியாரும் நாத்தனாரும் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசமாட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, இந்த ஒரு சொல்தான் இருந்தது. பெற்றவள் மனசுக்குள் பிள்ளையை இன்னொரு தரம் புதைத்துவிட்டு மேசைக்குத் திரும்பலாம். அவளும் அதைத்தானே செய்தாள்?

மறுநாள் மத்தியானம் அனுசுயா வீட்டுக்குத் திரும்பப் போனாள். வேலைக்குப் போகாமல் காய்ச்சலில் படுத்திருந்தாள் அனுசுயா. விஜயராணி ஃபாரத்தை வெளியே எடுக்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பொறந்தது அழுதுச்சு அனுசுயா" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாயால் சொன்னாள்.

அனுசுயா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கும் அழுதுச்சுக்கா. மூணு நாளு. நல்லாப் பாலு குடிச்சுச்சு" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், அதைச் சொல்ல என்ன இருக்கிறது. விஜயராணி மெல்ல ஃபாரத்தை எடுத்தபோது அனுசுயா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன்னுத எழுதிட்டியாக்கா?"

"இல்ல."

"உன்னுத எழுதுனா என்னுத எழுது. இல்லைனா விட்டுரு."

ராமருக்குத் தெரிந்துபோகுமே என்பதுதான் அவள் பயம். எட்டாம் மாசத்தில் பஸ் வேண்டாம், ஒன்பது பிறக்கட்டும் என்று அவன் அன்றைக்கே சொன்னான். ஒச்சம்மாள்தான் கேட்கவில்லை. உயிரோடு பிறந்து வழியில் போனது என்றால், கிழவி பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று அவன் வீட்டார் சொல்வார்கள். அதனால்தான் செம்பட்டியில் வைத்து ஆத்தா அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். ஆத்தாளைக் காட்டிக்கொடுப்பதா, மகள் பிறந்தாள் என்று ஒரு தாளிலாவது எழுதுவதா? அந்த ஒரு வரிக்காக அவள் எத்தனை ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பெயர் வைக்கவில்லை, போட்டோ இல்லை, புதைத்த இடம்கூட ஆத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். பிறந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரு அத்தாட்சியும் இல்லை.

"எழுதுறேன்" என்றாள்.

அந்த வாரத்தில் மற்றக் கதவுகளும் திறந்தன. ஏழில் ஐந்து அழுதிருந்தன. இரண்டு மெய்யாகவே அழவில்லை, அதை அப்படியே எழுதினாள். நர்ஸ் வந்தாளா, வண்டி வந்ததா என்று கேட்பீர்கள். அடுத்த தை மாசம் இரண்டும் வந்தன, நர்ஸ் மட்டும் வாரம் இரண்டு நாளுக்குப் பதில் ஒரு நாள். நான் சொல்ல வந்தது அதையல்ல, பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையை.

அன்று காலை பத்து மணிக்கு மைதிலி வந்தாள். "நீங்களே கேட்டு நீங்களே எழுதக் கூடாதுங்க்கா. நான் கேக்கறனுங்க" என்று பாயில் உட்கார்ந்தாள். ராமர் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். வாரம் முழுக்கத் தேய்த்தாலும் போகாத நீலம் அவன் நகக்கண்ணில் இருந்தது. கையெழுத்துப் போடத்தான் அவனை இருக்கச் சொல்லியிருந்தாள் விஜயராணி. வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தாள், வரவில்லை.

பெயர், வயது, எத்தனையாவது மாசம். எங்கே பிறந்தது? "பஸ்ஸுல." ஆணா பெண்ணா? "பொம்பளப் புள்ள."

"பொறந்ததும் அழுதுச்சுங்களா?"

"இல்ல மேடம்" என்றான் ராமர் வாசலிலிருந்து. "செத்தேதான் பொறந்துச்சு."

"அழுதுச்சு" என்றாள் விஜயராணி.

அவள் தலையை நிமிர்த்தாமல் கடகடவென்று பேசினாள். "அழுதுச்சு மாமா. கண்ணத் தொறந்து பாத்துச்சு. உங்க வீட்டுல பழி சொல்லுவாகன்னு ஆத்தா பயந்து போச்சு. சத்தியம் வாங்கிருச்சு. என்னயத் திட்டுங்க, ஆத்தாவ ஒண்ணும் சொல்லிராதீக."

ராமர் திட்டவில்லை. நின்ற இடத்திலேயே சறுக்கிக் குத்தவைத்து உட்கார்ந்தான். மைதிலி பேனாவை மூடினாள். "நான் அப்பறமா வர்றனுங்க."

"இருங்க மேடம்" என்றான் ராமர். "அடுத்து என்ன போட்டிருக்கு? கேளுங்க."

மைதிலி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எத்தனை நேரம் உசுரோட இருந்துச்சுங்க? நிமிசத்துல கேட்டிருக்கறாங்க."

"நிமிசம் தெரியாது" என்றாள் விஜயராணி. "ஒட்டன்சத்திரத்துல இருந்து செம்பட்டி வரைக்கும்."

அந்த வழி மைதிலிக்குத் தெரியாது. ராமருக்குத் தெரியும், வருஷத்துக்கு நாலு தடவை போகிற வழி. "முக்கா மணி நேரம்" என்றான். மைதிலி நாற்பத்தைந்து என்று எழுதினாள்.

"நில்லுங்க." அவன் தவழ்ந்தாற்போல உள்ளே வந்து விஜயராணிக்கு எதிரே உட்கார்ந்தான். "ராணி, அந்த ரோட்டுல ஒரு ரயில்வே கேட்டு இருக்குல்ல. அன்னைக்குக் கேட்டு போட்டிருந்துச்சா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "போட்டிருந்துச்சு. வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவ சன்னல்ல எட்டிப் பாத்தா. மடியில புள்ளயப் பாத்துட்டு, மகராசியா இருக்கட்டும்னு சொன்னா."

"நல்லாத் தெரியுமா?"

"அவ குரலு இன்னும் காதுல இருக்கு மாமா."

ராமர் மைதிலியின் கையிலிருந்த தாளைத் தொட்டுக் காட்டினான். "கேட்டு போட்டா பத்து நிமிசம் நிக்கும் மேடம். முக்கா மணி இல்ல, அம்பத்தஞ்சு. அந்தப் பத்து நிமிசத்த விட்டுராதீங்க" என்று கெஞ்சினான். மைதிலி நாற்பத்தைந்தை அடித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதுகிற வரைக்கும் அவன் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.