இரண்டு அங்குலம்

"கம்பியைக் கெட்டியா பிடிச்சுக்கங்கப்பா. இப்ப காலைத் தூக்குங்க" என்றாள் மகள்.

அப்பா தூக்கினார். செருப்பின் நுனி ஜீப்பின் வாசல் தகட்டுக்கு மூன்று விரல் கீழே இடித்துத் தரைக்குத் திரும்பியது. இன்னொரு முறை தூக்கினார். அதே இடத்தில் இடித்தது. மூன்றாவது முறை தூக்கவே இல்லை, கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

மகள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் கையில் கிரீஸோடு நின்றிருந்தான்.

அவன் தையல்காரன். எதையும் இரண்டு தரம் அளக்காமல் வெட்டமாட்டான். டாக்டர், "பத்து நாளோ, பதினைந்து நாளோ" என்று சொன்ன அன்று அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேட்டு வீட்டுக்குப் போக வேண்டும், தன் கையால் கட்டிய அந்த வீட்டில், தன் கட்டிலில் படுக்க வேண்டும். மறுநாளே கிளம்பினார்கள். மழையில் மண் கரைந்து, பாதி வழியில் குறுக்கே ஒரு பாறை முதுகு வெளியே வந்திருந்தது. அதில் ஜீப்பின் வயிறு இடித்த இடியில் அப்பா 'அம்மா' என்று முனகினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து தம்பிக்கு வேறு நினைப்பே இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையை அளந்தான், வண்டியின் அடியில் படுத்து வயிற்றை அளந்தான். ஒன்றேகால் அங்குலம் குறைகிறது என்று கண்டுபிடித்தான். மெக்கானிக், "நாலு அங்குலம் தூக்கிடலாம், ஜம்முனு இருக்கும்" என்றார். வளைவில் சாயும் என்று இவன் ஒப்பவில்லை. வண்டியைத் தாங்கும் பழைய வில் பட்டைக்கு அடியில் கட்டை வைக்கலாம் என்றார். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு அங்குலம் உயர்த்தும் புதுப் பட்டைகள் என்று முடிவானது. அவை வந்து சேர நாலு நாள். வந்த பிறகுதான் பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாது என்று தெரிந்தது. அதற்கு மூன்று நாள். பிரேக் குழாய்க்கு இரண்டு நாள்.

ஒவ்வொரு நாளும் அவள், "நாலு பேரா சேர்ந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடலாம்டா, உயிரை வாங்காதே" என்று தம்பியோடு சண்டை போட்டாள். அப்பாதான் கேட்கவில்லை.

"நான் என்ன மூட்டையா? முப்பது வருஷம் ஓட்டின வண்டி. உக்காந்துதான் போவேன்."

பதினோராவது நாளான இன்று காலையில்தான் மெக்கானிக் வீட்டு வாசலில் வைத்துக் கடைசி நட்டை முடுக்கினார். ஜீப் கம்பீரமாகத்தான் நின்றது. பாறைக்கு அளவு எடுத்தவன், வண்டிக்கு அளவு எடுத்தவன், இருபது வருஷமாக யாருக்குக் கால்சட்டை தைக்கிறானோ அந்தக் காலை மறந்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் கால் அளவு எடுக்கிறியே" என்று அவள் ஆரம்பித்தாள்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "விடும்மா. அவன் ரெண்டு அங்குலம் ஏத்திட்டான், நான் ரெண்டு அங்குலம் இறங்கிட்டேன்."

"நான் தூக்கி உக்கார வைக்கிறேம்பா" என்றான் தம்பி.

"தொடாதே. ஏற முடிஞ்சா ஏறுறேன்."

"அப்ப ஒரு அரை மணி நேரம் குடுங்க. பைப்பு வெட்டி ஒரு படி வெல்டு பண்ணிடறோம்."

"இன்னும் அரை மணி நேரமா? இன்னும் எதை எதையெல்லாம் அளக்கப்போற?" அவள் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"செய்யட்டும்மா" என்றார் அப்பா. "நிழல்ல ஒரு நாற்காலி போடு."

போட்டாள். தம்பியும் மெக்கானிக்கும் வண்டிக்கடியில் குனிந்தார்கள். பைப் அறுபடும் சத்தம் அவள் பல்லைக் கூசவைத்தது. அப்பா வெறும் கையை உதட்டருகே கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். குடத்தில் தண்ணீர் இல்லை. அதற்கும் தம்பியைத் திட்டிக்கொண்டே குழாயடியில் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்கள் பாதி திறந்து ஜீப்பைப் பார்த்தபடி இருந்தன. "அப்பா" என்றாள். தோளைத் தொட்டாள். மூக்கருகே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெல்டிங் பொறி தெறித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் போதும், தம்பி ஓடி வந்துவிடுவான். அவள் கூப்பிடவில்லை. முடிக்கட்டும் என்று ஏன் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறி நின்றது. தம்பி படியைத் தண்ணீர் தெளித்து ஆற்றினான், டேப்பை வைத்துப் பார்த்தான், பிறகு அதன்மேல் ஏறி இரண்டு தரம் குதித்தான். அசையவில்லை. பதினோரு நாளில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, பக்காவா இருக்கு. அப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வா."

அவள் நிரம்பிய சொம்போடு அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் அவனுக்குப் புரிந்தது.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போக மதியமாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் வந்து அப்பாவை ஜீப்பின் பின்பக்கமாக ஏற்றினார்கள். உயரம் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. படியில் யாரும் கால் வைக்கவில்லை. அவள் பின்னால் தரையிலேயே உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி ஓட்டினான்.

பாறை வந்தது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அடியில் ஒரு உரசல்கூட இல்லை.

"தொடலைக்கா" என்றான் தம்பி, கரகரத்த குரலில்.

பதினோரு நாளாகச் சேர்த்து வைத்த கோபம் அத்தனையையும் கொட்ட அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. புதுப் பட்டை விறைப்பாக உதற, அப்பாவின் தலை அவள் மடியைவிட்டு எழும்பி விழுந்தது. அவள் இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

"மெதுவாப் போடா" என்றாள். "அப்பாவுக்கு வலிக்கும்."

தம்பி கியரைக் குறைத்தான்.