மஞ்சள் சட்டைக்கு மெதுவான சாலை

அக்காவுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. சாலை வரைந்து அலுத்துவிட்டது, அந்தச் சாலையில் போகிறவர்களின் புத்தியைக் கணக்குப் போட்டு அலுத்துவிட்டது, சொந்த வீட்டில் குளியலறைக்கு முறை போட்டு நின்று அலுத்துவிட்டது. ஆபீஸில் முதலாளியான பெரியவரைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்காதான். இப்படி ஊருக்கே அக்காவாக இருப்பதில் ஒரு சல்லி லாபமும் கிடையாது. எல்லார் வேலையும் கடைசியில் அவள் மேஜையில் வந்து விழும், அவ்வளவுதான்.

சின்ன ஆபீஸ். ஒரு மாடி, நாலு கம்ப்யூட்டர், நல்ல நாளிலேயே மக்கர் செய்யும் ஒரு பெரிய பிரிண்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் யாராவது குடியிருப்பு கட்ட நினைத்தால், அதன் வாசல் சாலையோடு எங்கே சேர வேண்டும், சேருமிடத்தில் யாரும் யார் மேலும் மோதாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று இவர்கள் வரைந்து கொடுப்பார்கள். வரைபடத்தின் மூலையில் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அக்காவின் பொறுப்பு. அந்தக் கையெழுத்து இல்லாமல் சாலைத் துறை அனுமதி தராது.

இப்போது மேஜையில் இருந்தது ஒரு புதுக் குடியிருப்பின் வரைபடம். இடம் இன்னும் வெறும் புல்வெளிதான். அதன் முன்னால் நெடுஞ்சாலை ஒரு வளைவு வளைந்து போகிறது. வளைவின் உள்பக்கம் ஒரு மண்மேடு. அது வேறொருவர் நிலம். ஒரு சாண்கூட விற்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கட்டுகிறவருக்கோ வாசல் நடுநாயகமாக, வளைவை ஒட்டியே வர வேண்டும். வரும் வண்டிகளின் வேகத்தை அளந்து பார்த்தார்கள். வேகம் குறைவாகத்தான் இருந்தது. மெதுவாக வருகிற வண்டியைக் கொஞ்ச தூரத்தில் பார்த்தால் போதும், வேகமாக வருகிற வண்டியைத்தான் வெகு தூரத்திலேயே பார்த்தாக வேண்டும். ஆகவே மண்மேடு மறைத்தாலும் பாதகமில்லை என்று கணக்கு சொன்னது. கணக்கு இவ்வளவு ஒத்துழைப்பது அபூர்வம் என்று அக்காவே சொல்லிச் சிரித்தாள்.

வேகத்தை அளந்தவன் அவளுடைய தம்பி. ஸ்பீடு கன்னும் கையுமாக அலைவதால் ஆபீஸில் அவனுக்கு ரேடார் என்று பெயர். அந்தக் குடியிருப்பின் கடைசி மனையில் ஒரு வீட்டுக்குப் பதிவு செய்திருந்தவனும் அவனேதான். பெரியவரிடம் அக்கா இதை முதலிலேயே சொல்லிவிட்டாள். “நல்லதுதானேம்மா, சொந்தத் தம்பி வாசல்னா நீ இன்னும் கவனமா வரைவே” என்றார் அவர்.

தம்பி கல்யாணமான புதிதில், “ரெண்டே மாசம்க்கா, வீடு பாத்துட்டுப் போயிடறோம்” என்று ஒரு பெட்டியும் பெண்டாட்டியுமாக வந்து இறங்கினான். அதற்குப் பிறகு பாப்பா பிறந்தாள், நடந்தாள், இப்போது எல்லோரையும் அதிகாரம் செய்கிறாள். அக்கா வரைந்துகொண்டிருந்த சின்ன அறை அவர்களுக்குப் போயிற்று. அவள் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரையப் பழகிக்கொண்டாள். பாசம் இல்லாமலில்லை. பாசம் வேறு, குளியலறை வேறு. பிரிட்ஜ் கதவில் புது வீட்டின் விளம்பரத் தாளை தம்பி மனைவி ஒட்டிவைத்திருந்தாள். அவர்களுடைய கடைசி மனையைப் பாப்பாவின் சிவப்பு மெழுகுக்குச்சியால் தீட்டியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்ப்பாள். அவர்களைவிட அவள்தான் அதை அதிகம் பார்த்திருப்பாள்.

கையெழுத்துப் போடுமுன் இடத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது அவள் வழக்கம். அன்று மத்தியானம் பழைய காரை எடுத்துக்கொண்டு போனாள். இறங்கப் போகும்போதுதான் நினைவு வந்தது, மஞ்சள் சட்டை இல்லை. இருட்டிலும் மின்னுகிற அந்தப் பட்டை போட்ட சட்டையைப் பாப்பா கூடாரமாக்கி விளையாடி, அதில் பாலைக் கொட்டி, அது துவைத்துப் போட்ட கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டை போடாமல் யாரும் சாலையோரம் இறங்கக் கூடாது என்று ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்ததே அவள்தான். தன் சட்டத்தைத் தானே மீறுவதா? வாசல் வரப்போகிற இடத்தில் காரின் மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள்.

ஒரு வாய் தேநீர் உள்ளே போவதற்குள் ஒரு லாரி வளைவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. நின்றிருந்த அவள் கார் ஒருமுறை ஆடி அடங்கியது. அடுத்து ஒரு கார், அதன் பின்னாலேயே இன்னொன்று, முந்திக்கொண்டு. மண்மேட்டின் பின்னாலிருந்து ஒவ்வொன்றும் திடுதிப்பென்று முளைத்தது. வாழ்நாளெல்லாம் சாலையோரத்தில் நின்றவளுக்கு வேகத்தைச் சொல்லக் கருவி வேண்டாம். காகிதத்தில் இருந்த சாலை இது இல்லை.

ஏதோ இன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் அவசரம் போல என்று முதலில் மனசைத் தேற்றிக்கொண்டாள். பிறகு பக்கத்திலேயே வேறு வேலையாக இருந்த தம்பியைப் போனில் கூப்பிட்டு, “கன்ன எடுத்துகிட்டு கொஞ்சம் வந்துட்டுப் போடா” என்றாள்.

அவன் பைக்கை ஓரங்கட்டினான். ஒழுங்கான பிள்ளையாக மஞ்சள் சட்டையை மாட்டினான், கருவியைக் கையில் பிடித்தபடி சாலையோரமாக நடந்து வந்தான். அக்கா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் வந்த லாரி அவனைக் கண்டதும் மூச்சு விட்டு வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த கார்க்காரன் காதிலிருந்த போனைப் பொத்தென்று மடியில் போட்டான். அடுத்தவன் அவசர அவசரமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். சாலை முழுக்க ஒரே மரியாதை.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

“அந்தச் சட்டையக் கழட்டு” என்றாள்.

“ரோட்டோரத்துலயா? நீதானக்கா போடாம எறங்கினா வேலைய விட்டுத் தூக்குவேன்னே?”

“கழட்டிட்டு உள்ள வந்து உக்காரு. இங்கேருந்து அள.”

அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இறக்கிய கண்ணாடி வழியே குறி வைத்தான். ஒரு வண்டி போயிற்று. எண்ணைப் பார்த்தான், கருவியைத் தட்டினான், மறுபடி பார்த்தான்.

“இன்னொண்ணு எடு.”

எடுத்தான். அதற்கடுத்ததையும் எடுத்தான். பிறகு கருவியை மடியில் வைத்துக்கொண்டு, “என்னைப் பாத்துப் போலீஸ்னு நெனச்சிருக்கானுங்கக்கா” என்றான்.

“மூணு நாள் நின்னியே, ஒருத்தனும் உனக்கு சல்யூட் அடிக்கலையா?”

“ஒருத்தன் வண்டிய நிறுத்தி லைசென்ஸ எடுத்து நீட்டினான். நான் அவனப் பைத்தியம்னு நெனச்சேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது தம்பி புல்வெளியின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வளைவு முடிந்து சாலை நேராகிறது, எந்த மேடும் மறைக்கவில்லை. வாசல் வைப்பதென்றால் அங்கேதான் வைக்க வேண்டும், வேறு இடமே கிடையாது. அங்கே புல்லுக்கு நடுவே ஒரு முளைக்குச்சி, அதன் தலையில் ஒரு சிவப்புத் துணி. அவன் தன் கையால் அடித்த முளை. கடைசி மனை.

“வேற வழியே இல்லையாக்கா?”

“மேட்டுக்காரரக் கேளு. குடுத்தாருன்னா சரி.”

அவரைக் கேட்பதும் அந்த மேட்டைக் கேட்பதும் ஒன்றுதான் என்று அவனுக்கும் தெரியும். இறங்கிப் போய் பைக்கைக் கிளப்பினான்.

மறுநாள் காலை அக்கா பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட செய்தியை அவர் எப்போதும் மங்கலாகத்தான் பார்ப்பார்.

“பேசாம உன் தம்பிய அந்தச் சட்டையோட அங்கேயே நிறுத்திடும்மா. எல்லாரும் மெதுவாப் போவாங்க, பிரச்சினை முடிஞ்சுது.”

“நிறுத்தலாம் சார். ராத்திரிக்கு யாரு, நீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “நாம எடுத்த அளவு முறைப்படி எடுத்தது. எந்தக் கொம்பனும் கேள்வி கேக்க முடியாது. வாசல மாத்தினா எல்லாத்தையும் முதல்லேருந்து வரையணும், கட்டுற மனுஷன் நம்மள உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாரு. ஒரு எச்சரிக்கை போர்டு வெச்சுட்டாப் போதாதா? பாத்துப் பண்ணும்மா.”

பார்த்துப் பண்ணு என்றால் அவர் அகராதியில் பார்க்காமல் பண்ணு என்று அர்த்தம்.

மேஜைக்கு வந்து பேனாவை எடுத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தாளா என்று இன்றைக்குக் கேட்டால் சண்டைக்கு வருவாள். ஆனால் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். சின்ன அறை திரும்பக் கிடைக்கும். ஜன்னலை ஒட்டி மேஜையைப் போட்டுக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் நேராகக் குளியலறைக்குள் போகலாம், கதவை யாரும் தட்ட மாட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லை. நாக்கில் எச்சில் ஊறும் அளவுக்கு அந்த அறையை நினைத்தாள்.

அப்போது தம்பி வந்தான். காலையிலிருந்து எங்கே போயிருந்தான் என்று தெரியவில்லை. புது அளவுகளை அவள் முன்னால் வைத்தான். “ஆபீஸ் கார வாங்கிகிட்டுப் போய் உள்ளேயே உக்காந்து எடுத்தேன்” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், பிரிண்டரைப் பார்த்துச் சொன்னான்.

“நான் என்னடா பண்ணட்டும்?”

“என்னை ஏன்க்கா கேக்கறே?” என்றான். “கேக்காத. நீயே பண்ணு.”

அக்கா பேனாவை மூடி வைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டில், பெரியவர் என்ன சொன்னால் என்ன என்று, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து வாசலை மறுகோடிக்கு நகர்த்தி வரைந்தாள். இரண்டு கோடுகள், ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான். கடைசி மனையின் சமையலறையும் கூடமும் அந்தக் கோடுகளுக்கு நடுவே போயின. தம்பி மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்ல வேண்டியவன் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் புகுந்துகொண்டான். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தம்பி மனைவி துடைக்கிற துணியோடு மேஜைக்கு வந்தாள். வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

“இதுல எங்க வீடு எங்க அண்ணி?”

அக்கா விரலை வைத்தாள். “இங்க இருந்துச்சு.”

“இது ரோடாச்சே.”

“ஆமா.”

அக்கா நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை, நேராகவே சொன்னாள். மற்ற மனையெல்லாம் விற்றுப் போய்விட்டது, அடுத்த கட்டம் கட்டும்போது வேறு வீடு தருவார்கள், ரெண்டு வருஷம் ஆகும், மூணும் ஆகலாம். தம்பி மனைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“உங்களுக்கு எங்க வீடுதானா கெடச்சுது?” என்றாள். அவள் இப்படிக் கடுமையாகப் பேசி அக்கா கேட்டதில்லை. “பழைய எடத்துலயே விட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் ஏன்?”

“நீ பாப்பாவ ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுகிட்டு அந்த வாசல்ல வந்து நிப்ப. ரெண்டு பக்கமும் நல்லாப் பாப்ப. நீ பாக்காம திரும்பறவ இல்ல. ரோடு காலியாத்தான் இருக்கும். பாதி ரோடு தாண்டறப்பதான் உனக்கு லாரி தெரியும்.”

துணியை முறுக்குவது நின்றது. உள்ளே பாப்பா தனக்குத்தானே எதையோ அதட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மனைவி, வரைபடத்தில் படாமல் மேஜையைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தாள். “நாங்க எப்படா கெளம்புவோம்னு நீங்க காத்துகிட்டிருந்தது எனக்குத் தெரியும் அண்ணி” என்றாள்.

சேச்சே, அதெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல அலுப்பாக இருந்தது.

“ஆமா” என்றாள்.

“நானும்தான் காத்துகிட்டிருந்தேன்.”

அவள் எழுந்து போய்ப் பிரிட்ஜ் கதவிலிருந்த விளம்பரத் தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை. திருப்பி, வெற்றுப் பக்கத்தைப் பாப்பாவிடம் கிறுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். அக்கா வரைபடத்தின் மூலையில் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைச் சுருட்டினாள். தட்டு வைக்க இடம் வேண்டுமே.

தம்பி மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“வெளிய வாங்க. அண்ணி சொல்லிட்டாங்க.”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆனால் அவன் வெளியே வரவில்லை. அந்தச் சின்ன வீட்டில் ஓர் ஆண் அடக்கிக்கொண்டு அழுவது எல்லா அறைக்கும் கேட்டது. இரண்டு பெண்களும் கேட்காதவர்கள் போல மேஜையில் தட்டுகளை எடுத்து வைத்தார்கள்.