முடியாத பாட்டு

தேவகடாட்சத்தின் குழுவில் இன்பராஜ் சேர்ந்தபோது அவர்கள் ஒரு பாட்டின் நடுவில் இருந்தார்கள். பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. கீபோர்டும் வயலினும் வாசித்துக்கொண்டிருந்தவர் டீ குடிக்க இறங்கிப் போனார், திரும்பவில்லை. இன்பராஜ் கச்சேரி கேட்க வந்தவன். இரண்டும் வாசிக்கத் தெரியும் என்பதால் மேடையில் ஏறினான்.

அது ப்ராக்ரஸிவ் ராக். அந்த வகைப் பாட்டு நீளமாகத்தான் இருக்கும். தாளம் திடீரென்று மாறும். எல்லாம் அடங்குவதுபோல் அடங்கி வேறெங்கோ ஆரம்பிக்கும். அதனால் இன்பராஜ் முதலில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரம்ஸ்காரர் மகபூப் தனியாக வாசித்த நேரத்தில் இன்பராஜுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஜெமிமா. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள். போதகர் மேடைக்கே வந்து சுருக்கமாக ஜெபித்தார். மோதிரம் போட்டதும் அவன் வாசிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அவள் இறங்கிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேச அவனுக்கு வாய்க்கவில்லை.

பேர் கிடைத்தது. இடது கையால் கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்தி ஒலிக்க விட்டுவிட்டு வயலினை எடுக்கும் அவனுடைய வேகத்தைப் பத்திரிகைகள் பாராட்டின. தலை நரைத்தது. ஜன்னலில் மத்தியான வெயில் மட்டும் அசையவே இல்லை.

பாட்டு நீள நீள மண்டபமும் நீண்டது. தலை நிமிரும்போதெல்லாம் ஜெமிமாவின் வரிசை இன்னும் தள்ளிப் போயிருந்தது. முதலில் அவள் முகம் மறைந்தது. பிறகு புடவையின் நிறமும் தெரியவில்லை.

ஒருநாள் அவன் தேவகடாட்சத்தின் அருகே போய், எப்படியாவது முடித்துவிடலாம் என்று கெஞ்சினான். தேவகடாட்சம் கிடாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சா நீ முடி. எங்க யாருக்கும் தெரியாது."

"நீங்கதானே அண்ணே ஆரம்பிச்சீங்க?"

"நான் வரும்போதே ஓடிட்டிருந்துச்சு."

இன்பராஜ் வயலினை வாசித்தபடியே மேடையை விட்டு இறங்கினான். நிறுத்தப் பயமாக இருந்தது. வரிசைகளுக்கு நடுவே வெகுதூரம் நடந்தான். அவன் பக்கத்தில் வந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய பாதங்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அது அவன் இப்போது வாசிக்கும் தாளம் இல்லை. போன வருஷம் வாசித்தது. இன்னும் உள்ளே போனபோது அதற்கும் வெகு முந்தியது. அவ்வளவு தூரம் வந்து சேரச் சத்தத்துக்கு நேரம் பிடித்தது.

ஜெமிமா அங்கே இருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. மோதிரம் மட்டும் புதிதாக இருந்தது. அவன் வில்லைத் தாழ்த்தினான். பாட்டு நிற்கவில்லை. வயலின் சத்தம் மேடையிலிருந்து தெளிவாக வந்துகொண்டிருந்தது.

அவன் அவள் பேரைச் சொன்னான். எத்தனையோ நாளாகச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினான்.

"கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் ஜெமிமா, மேடையைப் பார்த்தபடியே. "எங்க வீட்டுக்காரரு வாசிக்கிறாரு. இப்பதான் கல்யாணம் ஆச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான். தூரத்து வெளிச்சத்தில் கறுத்த தலைமுடியோடு ஒருவன் வயலினில் குனிந்திருந்தான். நன்றாகவே வாசித்தான். ஒரே ஓரிடத்தில் அவசரப்பட்டான். அங்கே ஜெமிமா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

இன்பராஜுக்குக் கால் வலித்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது.

"அது அவரு எடம்," என்றாள். "முடிச்சிட்டு வந்துருவாரு. அதுவரைக்கும் வேணா உக்காந்துக்கங்க."

அவன் கைக்குட்டை கசங்காமல் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தான். அவர் வந்தால் உடனே எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.